இனிப்பு நீர் அல்ல

எனக்கு மறதி நோய் வந்துவிட்டதாக, நான் குடியிருக்கும் ஈப்போ குனோங் ராபாட்டில் இப்போது பேச்சு. வரவில்லை. எனக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை நோய், இருப்பதையே நான் மறந்துவிட்டேனாம், அதுதான் அவர்கள் காட்டும் ஆதாரம். எனக்கு இனிப்பு நீரும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தியான நீ போய்விட்டாய். மிச்சமிருக்கும் ஒருத்தி வாயைத் திறந்தால் மறதி என்கிறார்கள்.

நடந்தது இதுதான். உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு சிம்பாங் பூலாய் வந்திருந்தேன். உங்கள் சாப்பாட்டுக் கடையை அன்று சாத்திவிட்டு, முன்பக்கம் ஆண்களுக்குப் பாய் விரித்து, பின்பக்கம் பெண்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. நீ தட்டிப் போடுவது போலவே யாரோ இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ உள்ளேயிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாய் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டேன். எழுபத்து நான்கு வயதில் இப்படி ஏமாறுவது எனக்கே பிடிக்கவில்லை.

உன் மகன் தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தான். எல்லோருக்கும் பால் போட்டது. எனக்கு மட்டும் கறுப்பாக ஒரு கிளாஸ்.

"அம்மாவுக்கு கோசோங்," என்றான், ஞாபகம் வைத்திருந்த பெருமையோடு. பாலும் இல்லை, சீனியும் இல்லை. வெறும் கசப்பு.

"எனக்கு இனிப்பு நீரெல்லாம் கெடையாது தம்பி. மத்தவங்களுக்குக் குடுக்கிறதையே எனக்கும் குடு."

அறையே திரும்பிப் பார்த்தது. எங்கள் பழைய தோட்டத்தில் இருந்து இப்போது எனக்குப் பின்வரிசை வீட்டில் குடியிருக்கிறாளே, அவளும் வந்திருந்தாள். திரும்பும்போது எங்கள் காரில்தான் வந்தாள். ஓட்டிக்கொண்டிருந்த என் மகனிடம் சொன்னாள்: "தம்பி, அம்மாவ நல்ல டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டுலா. சுகர் இருக்கிறதே மறந்துட்டாங்க. இன்னிக்கி நாற்காலியில வேற உக்காந்துட்டாங்க, பாத்தியா? இத்தன வருசத்துல யார் வீட்டுல உக்காந்திருக்காங்க?"

நான் பின்சீட்டில்தான் இருந்தேன். மறதி வந்தவளுக்குக் காதும் போய்விடும் என்று அவளுக்கு நினைப்பு.

யார் வீட்டிலும் நான் உட்காராதது உண்மை. கல்யாண மண்டபத்தில் சுவரோரம் நிற்பேன். சாவு வீட்டில் வாசலில் நிற்பேன். 'கான்வென்டுல படிச்சவ, நம்ம நாற்காலியில உக்காருவாளா' என்றார்கள். கோவிலுக்குப் போவதை விட்டதும் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டேன் என்றார்கள். நான் மறுக்கவில்லை. திமிர் பிடித்தவள் என்ற பெயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நின்றால் சேலை மட்டும் நனையும். உட்கார்ந்தால் நாற்காலியும் நனையும். விஷயம் அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கும் மூளை போதவில்லை. அவர்களில் பாதிப் பேர் அதே காரணத்துக்காக மண்டபத்தில் கழிப்பறைப் பக்கத்து நாற்காலியாகத் தேடி உட்கார்ந்தவர்கள் என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை.

உனக்கு முதலிலேயே தெரியும். பிரசவ வார்டில் அடுத்தடுத்த கட்டில் நமக்கு. எனக்கு அது மூன்றாவது. பிள்ளை பெரிது, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். உனக்கு இரண்டாவது. மூன்றாம் நாள் காலையில் நான் ஒரு தும்மல் தும்மினேன். தும்மி முடித்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தேன். நீ முழங்கையை ஊன்றி எழுந்து என்னைப் பார்த்தாய்.

"அக்கா, உங்களுக்கும் ஒழுகுதா?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்கு சிரிச்சாலே போவுதுலா. அதான் நேத்து எங்க வீட்டுக்காரர் வந்தப்ப மூஞ்சிய உம்முனு வச்சிருந்தேன். மனுசன் பொம்பளப் பிள்ளை பொறந்துச்சுனு கோவம்னு நெனச்சுகிட்டாரு." சொல்லிவிட்டு நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, "பாத்தீங்களா, போச்சு," என்றாய்.

அப்படிப் பேசுகிற ஒரு பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேட்க நேர்ந்தது அருவருப்பாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், உன்னை எனக்கு அன்று பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் பத்தியம். முப்பது நாள் தண்ணீரைக் கண்ணில் காட்டவில்லை. தண்ணீர் குடித்தால் வயிறு விழுந்துவிடும் என்றார் மாமியார். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போகிற நீரோ கடுத்து எரியும். அதுவும் நின்றபாடில்லை. என் கணவர் ரப்பர் தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதுகிறவர். ஆயிரம் பேருடைய பெயர்ப் பட்டியலில் ஒரு எழுத்துத் தவறு இருந்தால் கண்டுபிடிப்பார். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி ஏன் துணிமேல் துணி வைத்துப் படுக்கிறாள் என்று கேட்கத் தோன்றாதவர். நல்ல மனிதர். அவரைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

இப்போது எனக்கு இனிப்பு நீரைக் கொண்டுவந்த சொல்லுக்கு வருகிறேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லாத முட்டாள்தனம்.

நான்காம் மாதம் தோட்டத்து மருந்தகத்துக்குப் போவதென்று முடிவு செய்தேன். டாக்டருக்குப் பதிலாக அங்கே இருந்த டிரஸ்ஸரிடம் என்ன சொல்வது? கான்வென்டில் இந்த விஷயத்துக்கு எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு ஆங்கில வாக்கியம்: மன்னிக்க வேண்டும், நான் போகலாமா? எங்கே, எதற்கு என்பதற்குச் சொல் கிடையாது. இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் அடக்க முடியாமல் தரையில் விட்டுவிட்டபோது, அவளை அவளுடைய உள்பாவாடையாலேயே துடைக்கச் சொன்னார்கள். நாங்கள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தோம். நான்தான் அதிகச் சத்தமாக ஒப்பித்தேன். அப்படிப்பட்டவள் ஒரு ஆண்பிள்ளையிடம் போய் 'ஒழுகுது' என்று சொல்வாளா? அது ரப்பர் மரத்துக்குச் சொல்வது, கூரைக்குச் சொல்வது. தமிழை நான் கல்யாணத்துக்குப் பிறகு அகராதி வைத்துக்கொண்டு படித்தவள். அகராதியை எடுத்தேன். இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். நீர் இழிகிறது. ஆகவே நீரிழிவு. எவ்வளவு அழகான சொல், இதில் ஆபாசம் ஒன்றும் இல்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டு, இஸ்திரி போட்ட சேலையில் மருந்தகம் போனேன்.

"என்னம்மா செய்யுது?"

"நீரிழிவு," என்றேன், தெளிவாக.

டிரஸ்ஸர் பேனாவைக் கீழே வைத்தார். "இனிப்பு நீரா? இந்த வயசுலயா? பாவமே கிராணியம்மா. அடிக்கடி போவுதா?"

"ஆமாம்."

"தாகமா இருக்கா?"

பத்தியம் முடிந்தும் ஒழுகலுக்குப் பயந்து தண்ணீரைத் தொடாதவளிடம் கேட்கிற கேள்வி. "ஆமாம்."

"அதேதான்."

சோதித்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை. எந்தச் சாதாரண மனிதனும் அந்த இடத்தில் நிறுத்தி, வேறு என்ன என்று கேட்டிருப்பான். அவர், "இப்பத்தான் ஆரம்பம், அதான் காட்டல," என்றார். இல்லாத நோய்க்கு ஒரு ஆரம்பமும் வைத்து, சீனியை நிறுத்தச் சொல்லி அனுப்பினார். அன்று மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது, கிராணியம்மாவுக்கு இனிப்பு நீர்.

நான் திருத்தியிருக்கலாம். அடுத்தவர்களுடைய ஒற்றெழுத்தை எல்லாம் திருத்துகிறவள் நான். ஆனால் இது வசதியாக இருந்தது. பேச்சின் நடுவில் எழுந்து போனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 'சுகர்காரங்க, அப்படித்தான்.' இனிப்பு நீர் கௌரவமான நோய். மேனேஜருக்கு இருந்தது, பெரிய கிராணிக்கு இருந்தது. மற்றதற்குப் பெயரே கிடையாது. ஆகவே நான் கோசோங் குடித்தேன், நின்றுகொண்டே, முப்பத்தெட்டு வருடம்.

பாகான் டத்தோவில் என் தங்கை இருந்தாள். ஈப்போவிலிருந்து அங்கே போகும் வழியில் எந்தெந்த இடத்தில் கழிப்பறை உண்டு, எதில் தாழ்ப்பாள் கிடையாது என்று என்னால் இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். கடைசியில் போவதையே நிறுத்திவிட்டேன். கௌரவம் பார்க்கிறாள் என்று அவளும் நினைத்துக்கொண்டே செத்துப்போனாள்.

உன் விஷயம் வேறு. உன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தர ஆள் வேண்டும் என்று நீதான் என்னைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாய். பிறகு சனிக்கிழமைதோறும் நான் உன் கடைக்கு வருவது வழக்கமானது. ஒரு சனிக்கிழமை என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய், முகமெல்லாம் வெளிச்சமாகச் சொன்னாய்.

"அக்கா, மார்க்கம் சொல்லித் தர்ற உஸ்தாசாகிட்ட கேட்டுட்டேன். ஒழுகிகிட்டே இருந்தா தொழலாமா கூடாதான்னு. சுத்தம் பண்ணி, துணி வச்சுகிட்டு, ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் நேரம் வந்தப்புறம் கை கால் மூஞ்சி கழுவி ஒளு எடுத்துத் தொழுன்னுட்டாங்க. ஒழுகுறவளுக்கும் தொழுகை உண்டாம்!"

"இதை அந்தம்மாளிடம் வாய்விட்டுக் கேட்டாயா?"

"ஆண்டவன்கிட்டயே கொண்டுபோயாச்சு, இனிமே டாக்டர்கிட்ட சொல்ல என்ன வெட்கம்? அங்கயும் போனேன். மலாய்லயே போச்சோர்னு சொன்னேன். ஒழுகுதுன்னா போச்சோர், அவ்ளோதான். ஒரே வார்த்த. ஒரு மிஸ்ஸிகிட்ட அனுப்பினாங்க, பயிற்சி சொல்லித் தந்தாங்க." நர்சுகளை எல்லாம் நீ மிஸ்ஸி என்பாய். "மூத்திரத்த அடக்குற மாதிரி இறுக்கணும், மேல இழுக்கணும், மூச்ச அடக்காம பத்து எண்ணணும், விடணும். நான் தேத்தண்ணி ஆத்துறப்பல்லாம் செய்றேன். யாருக்குத் தெரியப்போவுது? இங்க நின்னு இப்பவே செய்ங்க. இறுக்குங்க. பிடிங்க..."

அதற்கு நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை, மறதி நோய் இல்லை என்பதற்கு இதுவும் சாட்சி. "கண்டவர்களிடமெல்லாம் பாவாடையைத் தூக்கிக் காட்டுவது உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். எனக்கு இல்லை," என்றேன். 'உங்களுக்கு' என்று நான் சொன்னது உன் ஒருத்தியை அல்ல. உன் சாதி சனம், உன் கடை, உன் தெரு எல்லாவற்றையும் சேர்த்துத்தான். நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாய்.

"சரிக்கா," என்றாய். "நின்னுகிட்டே குடிங்க." உள்ளே போய், உன் கையாலேயே ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்தாய். வெளியே பார்க்கக் கறுப்பு. அடியில் இரண்டு கரண்டி சீனி. அந்த சனிக்கிழமையிலிருந்து உன் கடையில் மட்டும் என் கோசோங் இனித்தது. அந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கவே இல்லை. ஆறு மாதத்தில் உனக்கு நின்றுபோனது என்று உன் சிரிப்பிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

பெண்கள் இந்த விஷயத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறாய் அல்லவா? 'பெத்தவளுக்கெல்லாம் அப்படித்தான்.' 'தன்னால சரியாயிடும்.' 'பொம்பளன்னா பொறுத்துக்கணும்.' பல் வலித்தால் இப்படிச் சொல்வார்களா? தலைமுறை தலைமுறையாக நனைந்த துணியோடு உட்கார்ந்து, அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டம். அவர்களைக் கேவலமாக நினைத்தபடியே நான் அதைத்தான் செய்தேன், அகராதிச் சொல்லோடு.

போன வருடம் நீ படுத்த படுக்கையானபோது பார்க்க வந்தேன். வழக்கம்போல வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ மெலிந்து கிடந்தாய். குரல் மட்டும் மாறவில்லை.

"இன்னும் நிக்கிறீங்களாக்கா? எனக்குக் கழுத்து வலிக்குதுலா. உக்காருங்க."

உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நீ உன் வீட்டுக்காரரின் பொய்ப்பல் கறிக்குழம்பில் விழுந்த கதையைச் சொன்னாய். நான் சிரித்துவிட்டேன். பல வருடமாக நான் அப்படிச் சிரித்ததில்லை. சிரிக்காமல் இருப்பதும் என் ஏற்பாடுகளில் ஒன்று. சிரிப்பு நின்றபோது உன் விரிப்பில் ஒரு வட்டம் பரவிக்கொண்டிருந்தது. நீ பார்த்தாய். நான் எழுந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து உன் மகள் உள்ளே வந்தாள்.

"பானு, விரிப்ப மாத்தும்மா," என்றாய் நீ. "நான்தான் போயிட்டேன்."

உன் மகள் உன்னைக் கொஞ்சம் கடிந்துகொண்டாள். கூப்பிட்டிருக்கலாமே மா என்றாள். நீ தலையை ஆட்டிக்கொண்டு திட்டை வாங்கிக்கொண்டாய். நான் கைப்பையால் சேலையின் பின்பக்கத்தை மறைத்தபடி, வாயைத் திறக்காமல் நின்றேன். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தபோது, என் வாழ்நாளில் நான் இகழ்ந்த ஆட்களை வரிசைப்படுத்தினால் யாருக்கு முதலிடம் என்பதில் சந்தேகமே இல்லாமல் போனது.

அடுத்த வாரம் கிளினிக் போனேன். டாக்டர் சின்னப் பெண். "என்னம்மா செய்யுது?" என்றாள். "ஒழுகுது," என்றேன். வாய் வெந்துவிடவில்லை. அவள் ஆச்சரியப்படவும் இல்லை. எப்போதிலிருந்து என்று கேட்டாள். முப்பத்தெட்டு வருடம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "ஏம்மா முன்னாடியே வரல?" என்றாள். வந்தேன், தப்பான சொல்லோடு வந்தேன் என்று சொல்ல நினைத்து, விட்டுவிட்டேன். இறுக்க, இழுக்க, எண்ண, விடக் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீரைக் குறைத்தது எரிச்சலைக் கூட்டியதே தவிர உதவவில்லை என்றார்கள். முழுவதும் நிற்கவில்லை. இந்த வயதில் முழுவதும் நிற்காமலும் போகலாமாம். ஆனால் உன் நாற்பதாம் நாளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது நாற்காலி காய்ந்திருந்தது.

இதையெல்லாம் உன்னிடம் மன்னிப்பு வாங்குவதற்காக எழுதவில்லை. மன்னிப்பு நீ உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டியது. எழுதுவதற்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது.

என் கடைசி மகனின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பெரிய பிள்ளை, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அவள் டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள், கெட்டிக்காரி. வரும் புதன்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். வேலையை விடப்போகிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். ராஜினாமாக் கடிதம் தயாராகிவிட்டது. என் மகன் அதை நம்பிவிட்டான். அவன் தகப்பனின் பிள்ளை.

நான் நம்பவில்லை. தும்மல் வரும்போது அவள் காலைப் பின்னிக்கொள்வதைப் பார்க்கிறேன். வெளிர் நிற உடைகள் எல்லாம் அலமாரிக்குள் போய்விட்டன. சாப்பாட்டில் தண்ணீர் கிளாஸைத் தள்ளி வைக்கிறாள். என்னிடம் அவள் சொல்லமாட்டாள். வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஒருநாள், "அத்தே, அடக்கவே முடியலத்தே," என்று ஆரம்பித்தாள். "சாப்பாட்டு மேசையில் பேசுகிற பேச்சா இது?" என்றேன். தயிரைத் தள்ளு என்று சொல்வது போல, அவ்வளவு சாதாரணமாக. அன்றைக்கு மூடிய வாய்.

நேற்று அவள் அறைக்கதவு வரை போனேன். வாயைத் திறந்தேன். "அந்த வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி வேண்டும்," என்றேன். அவள் ராஜினாமாக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தாள். கண்ணில் பட்டது அதுதான். இத்தனை வருடம் திருத்திய வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை. நீயாக இருந்திருந்தால் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போய்க் கேட்டிருப்பாய். உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு சொல்தான். அதை ஒரு டாக்டரிடம் சொல்ல முடிந்தது. வீட்டுக்குள் சொல்ல முடியவில்லை. எழுத முடிகிறது.

ஆகவே உனக்கு எழுதிய இதை உனக்கு அனுப்ப வழியில்லாததால், அவள் தலையணைமேல் வைக்கப்போகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவள், என்னைவிட வேகமாகப் படிப்பாள். இனி வருவது அவளுக்கு.

மருமகளே, உனக்கு ஒழுகுகிறதா? எனக்கு ஒழுகுகிறது. செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கில் எனக்கு முறை. உன் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். பிள்ளையை மகன் பார்த்துக்கொள்வான், ஒரு காலை நேரம் பார்த்தால் தேய்ந்துவிட மாட்டான். அந்த ராஜினாமாக் கடிதத்தை அதுவரை அனுப்பாதே. நேரில் பேசினால் நீ இல்லை என்பாய், நான் நம்புவது போல் நடிப்பேன். அதனால் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு தாளில் எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் கொடு.